மீட்டர்ல 19 காட்டுச்சு: நெல்லு விக்கப் போன இடத்துல உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

கொருக்குப்பேட்டை மருமகன்

வணக்கம். நிலம் என்னோடது இல்ல, மாமனாரோடது. பொன்னேரி தாண்டி ரெண்டரை ஏக்கர். போன சம்பாவுக்கு பாபட்லான்ற சன்ன ரக நெல்லு போட்டு தை கடைசியில அறுத்தாச்சு. நான் சொல்ல வந்தது அதுக்கு அப்புறம் நடந்தது.

அரசாங்கம் நெல்லு வாங்குற கொள்முதல் நிலையம் பத்தித் தெரிஞ்சவங்களுக்கு விளக்க வேணாம். டோக்கன், சிட்டா அடங்கல், விரல் ரேகை எல்லாம் முடிஞ்சு ஈரப்பதம் பாக்குற மீட்டர் கிட்ட வர மதியம் ஆயிடுச்சு. ஒரு பிடி போட்டாங்க, 19.2. வேற மூட்டையில இருந்து போட்டாங்க, 18.6. ஈரம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்க முடியாது, காய வெச்சு எடுத்துனு வாங்கன்னுட்டாங்க. தை மாசப் பனி. காலைல ஒம்பது மணி வரைக்கும் தார்ப்பாய் மேல தண்ணி நிக்குது. ஊர்ல களம் ஒண்ணே ஒண்ணு, அதுலயும் வேற வீட்டு நெல்லு. எங்க காய வெக்கிறது? மாமனார் ஒரு நெல்லை எடுத்துப் பல்லுல கடிச்சு, "காஞ்சுதாம்ப்பா இருக்குது"ன்னு அந்தப் பையன் கிட்ட சொன்னாரு. அவன் மீட்டரைத் திருப்பிக் காட்டினான். அவ்வளவுதான்.

கேட்டுக்கு வெளிய மினி லாரி நிக்குது. வியாபாரி மீட்டர் எல்லாம் வெக்கல. கையில அள்ளி மோந்து பாத்தாரு, குவிண்டால் 1,850 போடலாம்னாரு. அந்த சீசன்ல சன்ன ரகத்துக்கு அரசாங்க விலை, ஊக்கத்தொகை சேத்து, 2,450. டிராக்டர் வாடகை ஏறினே இருக்கு, வானம் வேற மூடுது. குடுத்துட்டோம்.

மூட்டை வாயெல்லாம் மாமியார் பழைய புடவைக் கரையைக் கிழிச்சுக் கட்டி இருந்தாங்க, ஊதாக் கலர். அந்த வாரமே வேற வேலையா அதே வழியில போனோம். ஷெட்டுக்கு உள்ள, எடைத் தராசு பக்கத்துல, ஊதாக் கரை கட்டின மூட்டைங்க அடுக்கி இருக்கு. மாமனார் வண்டியை நிறுத்தச் சொல்லல, நானும் நிறுத்தல. வாரம் முழுக்க வெயிலே அடிக்கல. 19 எப்படி 17 ஆச்சு? இன்னிக்கும் அந்த ஊதாக் கரைதான் கண்ணு முன்னாடி நிக்குது.

உங்களுக்கு இந்த மாதிரி நடந்ததை எழுதுங்க.

செங்குன்றம் பழைய கணக்கர்

தம்பி, படித்தேன். வருத்தம்தான். ஆனால் வியாபாரி, மில்காரர் எல்லோரையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். நான் செங்குன்றத்தில் அரிசி ஆலைகளில் கணக்கு எழுதியவன். ஈர நெல்லை வாங்கினால் எடை இழப்பு, அவித்துக் காயவைக்க விறகு, கரண்ட், ஆள் கூலி எல்லாம் மில் தலையில். இங்கே பொன்னேரி நெல் மட்டும் வருவதில்லை. நெல்லூர்ப் பக்கத்து நெல்லும் லாரி லாரியாக வருகிறது. அந்த லாரிகள் வரிசை கட்டிய நாளில் நம் ஊர்க்காரர் டிராக்டர் வந்து நின்றால் விலை இறங்கத்தான் செய்யும். யாரும் சதி செய்வதில்லை, வரத்து அப்படி.

எனக்கு நடந்தது வேறு. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பை அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது நினைவிருக்கும். அதற்குப் பிறகு எல்லா ஆலையிலும் 26 கிலோ மூட்டை. சோழவரம் பக்கத்து விவசாயி ஒருவர், வருஷக்கணக்காக எங்களுக்கு நெல் போட்டவர், மகள் வீட்டு விசேஷத்துக்கு அரிசி வாங்க வந்தார். ஏன் 26 என்று கேட்டார், சொன்னேன். மேசையில் கிடந்த பழைய தேதித் தாளைத் திருப்பிப் போட்டு ஒரு கிலோவுக்கு என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டார். "நான் கிலோ 18க்குப் போட்டேன், இது 48. நடுவுல முப்பது ரூபா எங்க சார் நிக்குது?" என்றார்.

நெல் அப்படியே அரிசி ஆகிவிடாது என்று விளக்கினேன். அரசுக் கணக்கிலேயே நூறு கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல்தான். குருணை, கருத்த அரிசி எல்லாம் பிரித்தெடுத்த நல்ல அரிசி என்றால் அதற்கும் கீழே. பொறுமையாகக் கேட்டார். பிறகு, "தவிடு எண்ணெய் மில்லுக்குப் போவுது, உமி பாய்லருக்குப் போவுது, குருணை மாவு மில்லுக்குப் போவுது. அதெல்லாம் யார் கணக்கு?" என்றார். பக்கத்தில் முதலாளி உட்கார்ந்திருந்தார். நான் பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அவர் கேட்டதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

வியாசர்பாடி இட்லிக்கடை

ஐயா, முப்பது ரூபா எங்க நிக்குதுன்னு எங்களைக் கேட்டாலும் தெரியாது. ஆனா மெட்ராஸ்காரங்க சோறு மலிவா கேக்குறதாலதான் விவசாயி கஷ்டப்படுறாருன்னு எல்லா இடத்துலயும் பேசுறாங்களே, அதைத்தான் என்னால ஏத்துக்க முடியல. இட்லிக்குப் போடுற குண்டு அரிசி வெலை மூட்டைக்கு மூட்டை ஏறுச்சு. நான் இட்லி வெலையை ஏத்தினா லோடு ஏத்துற ஆளுங்க ரெண்டு கம்மியா சாப்ட்டுப் போறாங்க. யார் கையில காசு தங்குதுன்னு எங்களுக்கும் தெரியல.

எங்க நாத்தனார் வீடு மீஞ்சூர் பக்கம் உள்ள ஒரு கிராமம். சொர்ணவாரிப் பட்டத்து அறுப்பு நேரம் போயிருந்தேன். வாசல் முழுக்க நெல்லு, கால் வெக்க எடமில்ல. ராத்திரி சோறு போட்டாங்க. ஒரு வாய் வெச்சதும் தெரிஞ்சிடுச்சு, ரேஷன் அரிசி. நான் ஒண்ணும் கேக்கல, அவங்களே சொன்னாங்க: "இது மொத்தமும் போவணும் அண்ணி. நகைய மீக்கணும், உரக்கடையில பாக்கி. நமக்கு அட்டை அரிசி இருக்கே." அவங்க பொண்ணு, சின்னது, வாசல் நெல்லைக் கால்ல தள்ளித் தள்ளி வெளையாடினு இருந்துச்சு. அதை அதட்டுனாங்க பாருங்க, அப்படி ஒரு அதட்டல். ஒரு நெல்லு கூட வீட்டுது இல்லன்ற மாதிரி.

ரேஷன் அரிசியைக் கொறை சொல்லல. 2011ல இருந்து இலவசமா வருது, அது இல்லன்னா எத்தனையோ வீட்டுல அடுப்பு எரியாது. வெளைய வெச்சவங்களும் அதையேதான் ஆக்கினு இருக்காங்க, அதைத்தான் சொல்ல வந்தேன்.

பெரம்பூர் மண்வாசம்

அனைவருக்கும் வணக்கம். எல்லோர் பதிவிலும் பாபட்லா, குண்டு, உரக்கடை பாக்கி. அடிப்படையை மாற்றாமல் விலையைப் பேசிப் பயன் இல்லை என்பது என் கருத்து.

சென்ற ஆண்டு ஒரு வாரச்சந்தையில் ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து வந்த இளைஞரிடம் கருப்புக் கவுனி வாங்கினேன். கையில் அள்ளிக் காட்டும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை மறக்க முடியவில்லை. தன் அரிசிக்கு விலையைத் தானே சொன்ன ஒரு விவசாயியை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

நண்பர்களுக்குச் சில யோசனைகள். நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய ரகங்களை மீட்டுக் கொடுத்துவிட்டு 2018 டிசம்பரில் மறைந்தார். அந்த விதைகள் இன்று பரவலாகக் கிடைக்கின்றன. மாப்பிள்ளைச் சம்பா, சீரகச் சம்பா, தூயமல்லி போன்றவற்றை முதலில் கால் ஏக்கரில் போட்டுப் பாருங்கள். இடுபொருள் செலவு குறையும். இரண்டாவது, நெல்லாக விற்காதீர்கள், அரிசியாக விற்பனை செய்யுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சிறு அரவை இயந்திரம் வாங்கலாம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவு செய்தால் வங்கிக் கடனும் கேட்கலாம். மூன்றாவது, ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் நெல்லை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். நெல்லின் மதிப்பில் முக்கால் பங்கு வரை கிடைக்கும். விலை ஏறும்போது விற்றுக் கடனை அடைக்கலாம், யாரிடமும் 1,850க்குக் கொடுக்க வேண்டியதில்லை. நான்காவது, பழைய அரிசிக்கு எப்போதும் கூடுதல் விலை உண்டு. ஆறு மாதம் பொறுத்தால் போதும். கொளத்தூர், பெரம்பூர், மாதவரம் அடுக்ககங்களில் நேரடியாக வாங்க ஆட்கள் இருக்கிறோம். வாட்ஸப் குழு ஒன்று தொடங்கினால் நானே நூறு வீடுகளைச் சேர்த்துவிடுகிறேன்.

மீஞ்சூர்க்காரன்

பெரம்பூர் நண்பரே, நல்ல மனசோட எழுதி இருக்கீங்க, தப்பா எடுத்துக்காதீங்க. ஆறு மாசம் பொறுங்கன்னு சொல்றீங்க. உரக்கடைக்காரர் பொறுக்க மாட்டாரு, நகைக் கடன் தவணை பொறுக்காது. நெல்லை வெக்க வீட்டுல எடமும் இல்ல. கிடங்குல வெக்கலாம், சரி. அங்கயும் காஞ்ச நெல்லுதான் உள்ள போவும். ஈர நெல்லைக் குமிச்சு வெச்சா ரெண்டாம் நாளே சூடேறிப் பழுப்பாவும். மருமகன் தம்பி சொல்றதும் அதானே, காய வெக்க எடமில்ல!

பாரம்பரிய ரகமும் போட்டுப் பாத்தவன்தான் நான். மாப்பிள்ளைச் சம்பா ஆள் ஒசரம் வளந்து ஒரே மழையில படுத்துடுச்சு. மகசூல் பாபட்லால பாதிதான். ரெண்டு பங்கு வெலை குடுத்தாதான் கட்டும். அந்த வெலைக்கு ஒரு மூட்டை வாங்க ஆள் வருவாங்க, எங்க ஊர் நெல்லு மொத்தத்தையும் வாங்க வருவாங்களா?

தண்ணியைப் பத்தி யாரும் பேசல. 1969 வாக்குல இருந்து பட்டணத்துக்கு எங்க ஆழ்கிணறுங்கள்ல இருந்தும் தண்ணி போச்சு. உறிஞ்ச உறிஞ்ச கடல் உள்ள வந்துடுச்சு. எங்க போர்த் தண்ணியை வாயில வெச்சா உப்பு. அந்தத் தண்ணியில நாத்து நுனி கருகும். ஏரித் தண்ணியும் மழையும் இருந்தாத்தான் பயிரு. மழை வந்தா எப்படி வருது? 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல். கதிர் வெளிய வர்ற நேரம். வயல் எது வாய்க்கா எதுன்னு தெரியல. நிவாரணம் ஹெக்டேருக்கு 17,000ன்னு அறிவிச்சாங்க. ஏக்கருக்குப் போட்டுப் பாருங்க, ஏழாயிரம் கூட வராது. உழவுக்கும் நடவுக்குமே போயிடும். இன்சூரன்ஸ் ஊரு மொத்தத்துக்கும் சராசரி பாத்துக் குடுக்குறது. மேட்டு நிலத்துக்காரன் தப்பிச்சா பள்ளத்துக்காரனுக்கும் கொறையும்.

இதெல்லாம் கூடத் தாங்கிக்கலாம். அதுக்கடுத்த வருஷம் ஒரு ராத்திரி, அறுப்பு நேரம், மழை வரும்னு போன்ல சொல்லிட்டாங்க. ஈர வயலு, பெல்ட் வெச்ச அறுப்பு வண்டிதான் எறங்கும். வெளி மாவட்டத்து வண்டி, மணிக்கு இவ்வளவுன்னு பேசி வந்தது. பாதி வயல் அறுத்ததும் டிரைவர் வண்டியை நிறுத்தி ஹெட்லைட்டை அணைச்சிட்டாரு. கும்மிருட்டு. மேல இருந்து கொரல் மட்டும் வருது: "அடுத்த ஊர்ல மணிக்கு ஆயிரம் சேத்துத் தர்றேன்றாங்க, என்ன பண்ணலாம்?" என் பொண்டாட்டி இடுப்புல முடிஞ்சி வெச்சிருந்த காசை அவுத்து அங்கயே குடுத்தா. லைட் எரிஞ்சுது, வண்டி ஓடுச்சு. அவனும் ரெண்டு மாசம் ஊர் ஊரா வண்டியிலயே தூங்குற ஆளுதான், தெரியும். ஆனா அந்த இருட்டுல நின்ன நேரம் போவ மாட்டேங்குது.

தண்டையார்பேட்டை ஷிப்பிங்

நெல்லு பத்தித் தெரியாது, அரிசி தெரியும். ஹார்பர் வேலை. 2023 ஜூலை 20 ராத்திரி பாசுமதி இல்லாத வெள்ளை அரிசிக்கு ஏற்றுமதித் தடை வந்துச்சே, அன்னிக்கு எங்க ஆபீஸ் போன் ஓயல. சிங்கப்பூர், மலேசியா போற பொன்னி. புழுங்கலுக்குத் தடை இல்ல, பச்சரிசிக்கு மட்டும்தான். ஆனா கன்டெய்னருக்குள்ள இருக்குறது எதுன்னு நிரூபிக்கணும். ஒரு சின்ன வியாபாரி, முப்பது வயசு கூட இருக்காது, கைநெறைய அரிசியை வெச்சுனு ஒவ்வொரு டேபிளா போறாரு. "சார், புழுங்கல் சார், கடிச்சுப் பாருங்க சார்." யாரும் கை நீட்டி வாங்கல. விரல் இடுக்குல கொட்டின அரிசியைக் குனிஞ்சு ஒவ்வொண்ணா பொறுக்கினாரு.

ஒரு மாசத்துல, ஆகஸ்ட் 25, புழுங்கலுக்கும் 20 சதவீதம் வரி போட்டாங்க. அந்தப் பையன் அதுக்கப்புறம் வரல.

எல்லாரும் நெலைமை மாறும்னு நெனைக்கிறதால இதையும் சொல்றேன். 2024 செப்டம்பர் கடைசியில தடையை எடுத்தாங்க, டன் 490 டாலருக்குக் கீழ விக்கக் கூடாதுன்னு. அக்டோபர்ல அதுவும் போச்சு. உலக அரிசி வியாபாரத்துல நம்ம நாடு மட்டும் ஏறக்கொறைய 40 சதவீதம். நாம திரும்பி வந்ததும் 2025ல உலக வெலையே பல வருஷத்துல இல்லாத அளவு எறங்கிடுச்சு. மத்திய அரசு கிடங்குங்களும் அப்ப நெறைஞ்சு கெடந்துச்சு. அதனால வெளிநாட்டு ஆர்டர் வந்து மண்டி வெலை ஏறும்னு இப்போதைக்கு நம்ப வேணாம். 2025-26 சீசனுக்கு அரசாங்க விலை சன்ன ரகத்துக்கு 2,545, சாதா ரகத்துக்கு 2,500ன்னு அறிவிச்சாங்க. தனியார் வெலை அதை விடக் கொறைய இருக்குற வரைக்கும் எல்லாரும் கொள்முதல் நிலையத்துக்குத்தான் ஓடுவாங்க, கூட்டம் இன்னும் ஏறும். 2025 அக்டோபர்ல டெல்டாவுல குவிஞ்ச நெல்லு மழையில மொளைச்சுதே, பாத்தீங்கல்ல. நம்ம பக்கத்துக்கும் அதேதான்.

பெரம்பூர் மண்வாசம்

மீஞ்சூர் நண்பருக்கு: காய வைக்கும் பிரச்சினையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வாங்க ஆள் இல்லை என்பதை ஏற்க மாட்டேன். நூறு வீடு என்று சொன்னதில் உறுதியாக இருக்கிறேன். வீட்டுக்கு மாதம் ஒரு மூட்டை. பாபட்லாவே கொடுங்கள், வாங்கிக்கொள்கிறோம்.

மீஞ்சூர்க்காரன்

சரிங்க. பாபட்லான்னா பேசலாம். அறுத்து, அவிச்சு, அரைச்சு, மூட்டை புடிச்சுத் தர்ற வரைக்கும் கையில காசு வேணும். முன்பணம் பாதி தருவாங்களான்னு அந்த நூறு வீட்டையும் கேட்டுச் சொல்லுங்க.

கொருக்குப்பேட்டை மருமகன்

எல்லாருக்கும் நன்றி. கணக்கர் ஐயா, எல்லாரையும் ஒரே தராசுல வெக்கல. கேட்டுக்கு வெளிய 19ஆ இருந்த நெல்லு உள்ள போனா 17 ஆவுதே, அதை மட்டும்தான் கேக்குறேன்.

மாமனார் இந்த சம்பாவும் பாபட்லாதான் போட்டு இருக்காரு. ரோட்டோரத்து நெலத்துக்கு லாரி நிறுத்த வாடகை பேச ஒரு புரோக்கர் ரெண்டு தடவை வந்துட்டுப் போனாரு. மாமனார் இன்னும் பிடி குடுக்கல. தை அறுப்புக்கு முன்னாடி ஊர்ல நாலு வீடு சேந்து நெல்லு உலர்த்துற மிஷின் வாடகைக்கு எடுக்கலாம்னு பேசி இருக்கோம். திருவள்ளூர் மாவட்டத்துல யாராவது ஓட்டிப் பாத்திருந்தா மணிக்கு என்ன வாடகை, ஒரு டன் காய எவ்வளவு டீசல் ஆவுதுன்னு எழுதுங்க. பொங்கலுக்கு முன்னாடி முடிவு பண்ணணும்.