100 லிட்டர் ரீஃப் டேங்க்குக்கு ப்ரோட்டீன் ஸ்கிம்மர் கட்டாயம் வேணுமா?

சேலையூர்_ரீஃப்:
வணக்கம் நண்பர்களே, வீட்ல 2 அடி நீளம் 1.5 அடி அகலம் 1.5 அடி உயரத்துல ஒரு ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கற கடல்தண்ணி தொட்டி, ஓடுது, கல்லு மணல் எல்லாம் போக தண்ணி சுமார் 100 லிட்டர் நிக்கும். மீன்ல ரெண்டு க்ளவுன், ஒரு பைஜாமா கார்டினல், பவளத்துல ஸோவாந்தஸ், மஷ்ரூம், ஒரு டோட்ஸ்டூல் லெதர், அவ்ளோதான். சம்ப் (கீழ வைக்கிற தனி ஃபில்டர் தொட்டி) கிடையாது, பின்னாடி தொங்கவிடுற ஃபில்டர்ல பஞ்சும் கார்பனும் (கழிவை உறிஞ்சுற கரி) இருக்கு. வாரா வாரம் ஆர்ஓ தண்ணில உப்பு கலந்து 10 லிட்டர் மாத்துறேன். நைட்ரேட் 10, பாஸ்பேட் 0.06 காட்டுது, பவர்ஹெட் (தண்ணியை சுழற்றுற சின்ன பம்ப்) கிட்ட மட்டும் கொஞ்சம் முடிப்பாசி. கடைக்காரர் ஸ்கிம்மர் (கழிவை நுரையா பிரிச்சு எடுக்கற மெஷின்) இல்லாம ரீஃப் ஓட்டவே முடியாதுன்னு அடிச்சு சொல்றார். டேங்க் ஹால்ல இருக்கு, அப்பா அங்கதான் தூங்குவார், சத்தம் ஒரு பிரச்சனை. நல்ல ஸ்கிம்மர் விலையும் கையை கடிக்குது. உண்மையிலேயே தேவையா, அந்த காசை வேற எதுலயாவது போடலாமா?

அடையாறு_அலை:
இந்த டேங்க்குக்கு கட்டாயம் இல்ல ப்ரோ. உங்க நம்பர் ரெண்டுமே நல்லா இருக்கு, ஸோவாந்தஸ், மஷ்ரூம், லெதர் மூணுக்கும் தண்ணில கொஞ்சம் சத்து இருந்தாதான் பிடிக்கும்.

ஸ்கிம்மர் என்ன பண்ணுதுன்னு புரிஞ்சுகிட்டா முடிவு எடுக்கறது ஈஸி. 2019 டிசம்பர்ல மெரினா, பட்டினப்பாக்கம் பக்கம் கரை முழுக்க வெள்ளை நுரை ஒதுங்குச்சு ஞாபகம் இருக்கா, கழிவு கலந்த கடல்தண்ணியை அலை அடிச்சு காத்தோட கலக்கும்போது நுரை வரும், அதே வேலையைத்தான் இந்த மெஷின் ஒரு குழாய்க்குள்ள பண்ணுது. ஒரு முனை தண்ணியோட ஒட்டி மறுமுனை தண்ணியை விட்டு விலகுற மாதிரி இருக்கற கழிவுப்பொருள் எல்லாம் காத்துக்குமிழி மேல போய் ஒட்டிக்கும், குமிழி மேல ஏறி நுரையா கப்ல விழும். அழுகி அமோனியா ஆகறதுக்கு முன்னாடியே தூக்கிடுது, அதுதான் அதோட பலம். ஆனா ஏற்கனவே நைட்ரேட்டா பாஸ்பேட்டா மாறினதை அதால எடுக்க முடியாது, நிறைய பேர் இங்கதான் குழம்புறாங்க.

இன்னொண்ணு, அமெரிக்காவுல பென் ஸ்டேட் யுனிவர்சிட்டி கெமிஸ்ட்ரி புரொஃபசர் கென் ஃபெல்ட்மன் 2009 வாக்குல சில ஸ்கிம்மர்களை வச்சு அளந்து பார்த்து எழுதினார், தண்ணில இருக்கற மொத்த ஆர்கானிக் கார்பன்ல, அதாவது உயிர்க்கழிவுல, 20ல இருந்து 30 சதவீதம்தான் அதுங்களால எடுக்க முடிஞ்சுது. மீதி பாக்டீரியா, ஃபில்டர்ல இருக்கற கரி, தண்ணி மாத்தறதுன்னு மத்த வழியிலதான் போகணும். ஸ்கிம்மர் நல்ல உதவியாள், ஆனா டேங்க்கை தாங்குறது கல்லுல இருக்கற பாக்டீரியாவும் உங்க கையும்தான்.

முத்துநகர்_அக்வா:
அடையாறு அண்ணன் சொன்னதுல கெமிஸ்ட்ரி எல்லாம் சரி, ஆனா அவர் விட்ட ஒரு விஷயம்தான் என்னைப் பொறுத்தவரை ஸ்கிம்மர் வாங்கறதுக்கே காரணம், ஆக்சிஜன். கடல்தண்ணி 25 டிகிரில லிட்டருக்கு சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரிக்கு போனா 6.2 தான், அதுவும் முழுசா நிறைஞ்சிருந்தா. மே மாசம் ஏசி போட்டு கதவு சாத்தின ரூம்ல நாலு பேர் தூங்கினா காத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறும், லைட் வேற ஆஃப், கோரலும் பாசியும் ஆக்சிஜனை இழுக்கும், பிஎச் 7.8க்கு கீழ போயிடும். ஸ்கிம்மர் ராத்திரி பூரா காத்தையும் தண்ணியையும் கலக்கிக்கிட்டே இருக்கும். கல்லுக்கு பின்னாடி ஒரு மீன் செத்து நீங்க பார்க்காம விட்டாலும் அழுகி விஷமாறதுக்குள்ள கொஞ்சத்தையாவது இழுத்துடும், அந்த ஒரு நாள் அவகாசம் மத்த உயிரை காப்பாத்தும். டோட்ஸ்டூல் தோல் உரிக்கிறப்போ வர்ற கசடும் அப்படித்தான்.

சைசை பொறுத்த விஷயம்தான், 100 லிட்டர்ல மூணு மீன்னா நான் சண்டை போட மாட்டேன். 300 லிட்டர்ல டாங், ஏஞ்சல்னு பெரிய மீனா விட்டுட்டு ஸ்கிம்மர் வேணாம்னா ஒத்துக்கவே மாட்டேன்.

பவளப்பாறை_நேசன்:
ஒரு வரலாறும் ஒரு சட்டமும் சொல்லிட்டு போறேன். லைவ் ராக்கும் (பாக்டீரியா குடியிருக்கற பாறைக்கல்லு) பெரிய ஸ்கிம்மரும் வைக்கிற வழக்கம் ஜெர்மனில பெர்லின் முறைன்னு பரவினது. அதே சமயத்துல அமெரிக்காவுல ஸ்மித்சோனியன் மியூசியத்துல விஞ்ஞானி வால்டர் ஏடி ஸ்கிம்மரே இல்லாம பாசி வளர்த்து வெட்டி எடுத்தே ரீஃப் ஓட்டினார், மொனாக்கோவுல ஜோபேர்ங்கற விஞ்ஞானி மணலுக்கு அடியில இடம் விட்டு அதுல நைட்ரேட்டை குறைச்சு காட்டினார். அதனால முடியவே முடியாதுங்கறது தப்பு.

ஸ்கிம்மர் ரொம்ப வேணுங்கறது அக்ரோபோரா மாதிரி கடினப் பவளத்துக்கு, அதுக்குதான் சுத்தமான தண்ணி வேணும். நம்ம நாட்டுல கடினப் பவளம் முழுக்க 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல அதிக பாதுகாப்பு தர்ற அட்டவணை ஒண்ணுல இருக்கு, கடல் விசிறியும் அப்படித்தான். மன்னார் வளைகுடா கல்லுன்னு யாராவது கொண்டு வந்து கொடுத்தா தயவுசெஞ்சு வாங்காதீங்க, செத்த பவளமா இருந்தாலும் குத்தம்தான், அங்க பாறையே பாவம் ஏற்கனவே வெந்து வெளுத்து கிடக்கு. சாஃப்ட் கோரல் மட்டும் வச்சிருக்கற உங்களுக்கு ஸ்கிம்மர் அவசியம் இன்னும் குறையுது. பெருசா ஒண்ணு மாட்டி கழிவை எல்லாம் முன்னாடியே எடுத்து நைட்ரேட் பாஸ்பேட் ரெண்டும் புதுசா சேராம சைபருக்கு போயிட்டா டைனோஃப்ளாஜலேட்ங்கற நுண்ணுயிர் பழுப்பு சளியா கல்லு மேல படரும், அதை விரட்டறது முடிப்பாசியை விட நூறு மடங்கு கஷ்டம்.

சேலையூர்_ரீஃப்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும், தலை தெளிவாச்சு. அப்போ ஸ்கிம்மர் இப்போ வேணாம்னு வைக்கிறேன், ஆனா முத்துநகர் அண்ணன் சொன்ன ஆக்சிஜன் விஷயம் பயமா இருக்கு, எங்க ஏரியால கரண்டும் அடிக்கடி போகும். அதுக்கு என்ன பண்ணலாம்?

முத்துநகர்_அக்வா:
நல்ல கேள்வி தம்பி. கரண்ட் போனா ஸ்கிம்மரும்தான் நிக்கும், அதனால அது உனக்கு காவல் இல்ல. முதல்ல கரண்ட் போனதும் தானா ஓடற பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு வாங்கு, விலை ஸ்கிம்மர்ல ஒரு துளிதான். பவர்ஹெட்டை தண்ணி மேல்பரப்பு நல்லா கலங்குற மாதிரி திருப்பி வை, மேல எண்ணெய்ப்படலம் நிக்கவே கூடாது. ராத்திரி ஒரு ஜன்னல் ரெண்டு விரல் அளவு திறந்திருந்தா பிஎச் நிச்சயம் ஏறும்.

அடையாறு_அலை:
அதோட மிச்சக் காசுல நல்ல பாஸ்பேட் கிட்டும் உப்பளவு பார்க்க ரிஃப்ராக்டோமீட்டரும் வாங்கிக்கோங்க. தண்ணி மாத்தறதை 10ல இருந்து 15 லிட்டர் ஆக்குங்க, பஞ்சை மூணு நாளுக்கு ஒருமுறை கழுவுங்க, கார்பனை மாசாமாசம் மாத்துங்க. நாலாவது மீன் வேணும்னு ஆசை வந்தாலோ நைட்ரேட் 25 தாண்டி அங்கேயே நின்னாலோ அப்போ ஸ்கிம்மர் பத்தி மறுபடி பேசுவோம். வாங்கினா டிசி பம்ப் உள்ளதா பாருங்க, சத்தம் கம்மி. புதுசுல ஒரு வாரம் நுரையே ஒழுங்கா வராது, பயந்து திருகிக்கிட்டே இருக்காதீங்க. க்ளோரின் எடுக்கற கண்டிஷனர் ஊத்தின அன்னிக்கு பொங்கி வழியும், அன்னிக்கு மட்டும் ஆஃப் பண்ணி வைங்க.