க்ரூஸரில் கியர் போட்டால் 'டடக்': இயல்பா, கோளாறா?

நெடுஞ்சாலைக்காரன்:
வணக்கம். என்னிடம் இருப்பது 350 சிசி ஒற்றை சிலிண்டர் க்ரூஸர் பைக், 14,000 கிலோமீட்டர் ஓடியது. காலையில் ஸ்டார்ட் செய்து முதல் கியரை மிதித்தால் இரும்பை இரும்பால் அடித்த மாதிரி 'டடக்' என்று ஒரு சத்தம். வண்டியும் முன்னால் எகிறப் பார்க்கிறது. வாசலை ஒட்டிய அறையில் என் எட்டு மாத மகள் தூளியில் தூங்குகிறாள். எஞ்சின் ஓடும் சத்தம் அவளுக்குப் பழகிவிட்டது, இந்த அடி பழகவில்லை. விழித்து அழுகிறாள். ஒரு மாதமாக வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் கியர் போடுகிறேன்.

ஓடும்போது ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகையிலும் இதே அடி. அதற்கு மேல் பெரிதாக இல்லை. சர்வீஸ் விட்ட இடத்தில் கேட்டால், "க்ரூஸர்னா இப்படித்தான் சார், பழகிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். உண்மையிலேயே இப்படித்தானா?

இரட்டைச்சிலிண்டர்:
அவர்கள் சொன்னது சரிதான் நண்பரே. பைக் கியர் பாக்ஸில் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் சுற்றும். கியர் மாறுவது என்பது ஒரு சக்கரத்தின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் முட்டுகள் பக்கத்துச் சக்கரத்தின் குழிகளுக்குள் போய் விழுவது. அந்த முட்டுகளைத்தான் டாக் என்கிறோம். காரில் இரண்டின் வேகத்தையும் முதலில் சமன்செய்ய சிங்க்ரோமெஷ் வளையம் இருக்கும். பைக்கில் அது கிடையாது, முட்டு நேராகப் போய் மோதும்.

நியூட்ரலில் எஞ்சின் 1000 ஆர்பிஎம்மில் நிற்கிறது, எஞ்சினையும் க்ளட்ச்சையும் இணைக்கும் ப்ரைமரியில் அது பாதியாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கியர் பாக்ஸின் உள்தண்டு நிமிடத்துக்கு 500 சுற்று சுற்றும். பின்சக்கரத்தோடு சேர்ந்த தண்டோ அசையாமல் நிற்கும். இரண்டையும் ஒரு மிதியில் பூட்டினால் சத்தம் வராமல் என்ன செய்யும்? க்ரூஸரில் தண்டும் சக்கரமும் க்ளட்ச்சும் கனமானவை. 125 சிசி வண்டியில் 'டிக்' என்பது இங்கே 'டடக்' ஆகிவிடும், அவ்வளவுதான்.

என்னுடையது பெரிய வி-ட்வின், இரண்டு சிலிண்டர் வி வடிவில் நிற்கும் எஞ்சின். பின்சக்கரத்துக்குச் செயின் இல்லை, பெல்ட். ஆறு வருடமாக முதல் கியரில் அதே அடி, ஆனால் கியர் பாக்ஸுக்கு எந்தக் கேடும் வரவில்லை. இதற்காகக் காசைச் செலவழிக்காதீர்கள்.

பட்டறைக்கை:
தம்பி, இருபத்திரண்டு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். மேலே சொன்ன விளக்கம் சரி, முடிவு தவறு. அந்த 500 சுற்று க்ளட்ச் பிடிக்காதபோது உள்ள கணக்கு. க்ளட்ச்சை முழுசாகப் பிடித்துவிட்டால் உள்தண்டை எஞ்சின் இழுக்கவே கூடாது, அது தானாக வேகம் குறைந்து நிற்க வேண்டும். பிடித்த பிறகும் இழுத்துக்கொண்டே இருக்கிறது என்றால் க்ளட்ச்சுக்குள் இருக்கும் பிளேட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியவில்லை. க்ளட்ச் இழுவை என்று இதைத்தான் சொல்வோம். என் பட்டறைக்கு 'கியர் அடிக்குது' என்று வருகிற வண்டிகளில் பெரும்பாலானவற்றில் நான் கியர் பாக்ஸைத் திறப்பதே இல்லை.

வீட்டிலேயே பார்க்கலாம். நன்றாக ஓட்டி எஞ்சின் சூடானதும் சமதரையில் நிறுத்துங்கள். க்ளட்ச்சைப் பிடித்து முதல் கியரில் வைத்திருங்கள். வண்டி மெல்ல முன்னால் நகரப் பார்க்கிறதா? சிக்னலில் எஞ்சின் ஓடும்போது நியூட்ரல் சிக்காமல், எஞ்சினை அணைத்ததும் சுலபமாக விழுகிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் இழுவைதான்.

முதலில் க்ளட்ச் கேபிளைப் பாருங்கள். லீவர் அச்சுக்குப் பக்கத்தில் 2 முதல் 3 மி.மீ. ஆட்டம் இருந்தால் போதும். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கி அந்த இடுக்கில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்தக் கனம்தான். அதைவிட லூஸ் என்றால் லீவரை முழுசாக இழுத்தாலும் பிளேட் பாதிதான் விலகும்.

குன்னூர்_காலை:
எல்லோரும் ஆயிலை விட்டுவிட்டீர்கள். இங்கே ஜனவரி காலையில் முதல் கியர் போட்டால் மலையே எதிரொலிக்கும். மினரல் ஆயிலை வடித்துவிட்டு முழு சிந்தெடிக்குக்கு மாறினேன். அன்றே சத்தம் பாதியாகக் குறைந்தது. கேபிளைத் தொடவே இல்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பட்டறைக்கை:
குறைந்திருக்கும், நம்புகிறேன். ஆனால் உங்களுக்கு வேலை செய்தது 'சிந்தெடிக்' என்ற பெயரா, புது ஆயிலா? எஞ்சின், க்ளட்ச், கியர் பாக்ஸ் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கும் வண்டிகளில் கியர் பற்கள் ஆயிலைக் கத்தரி மாதிரி நறுக்கும். 15W-50 என்று ஊற்றியது சில ஆயிரம் கிலோமீட்டரில் அதன் கெட்டித்தன்மையை இழந்துவிடும். சூடான எஞ்சினில் மோதலைத் தாங்கும் மெத்தை மெலிகிறது, அடி பலமாகக் கேட்கிறது. பழைய ஆயிலை மாற்றினாலே எந்த ஆயிலானாலும் நான்கு நாளைக்கு வித்தியாசம் தெரியும்.

குளிரில் கதை தலைகீழ். கெட்டியான ஆயில் பிளேட்டுகளைக் கோந்து மாதிரி ஒட்டிவைக்கும். அங்கே குளிரிலும் இளகி ஓடும் 10W வகை நல்ல பலன் தரும், அதை மறுக்கவில்லை, கையேடு அந்த வகையை அனுமதித்தால் ஊற்றலாம். ஒன்றே ஒன்று: டப்பாவில் ஜாசோ (ஜப்பானியத் தரக்குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். எம்பி என்று இருப்பது ஸ்கூட்டர்களுக்கானது, ஆயிலில் குளிக்கும் ஈர க்ளட்ச்சில் ஊற்றினால் பிளேட் வழுக்கும். சத்தம் குறைகிறது என்று கார் ஆயில் ஊற்றியவர்களுக்கு நான் பிளேட் செட் மாற்றிக்கொடுத்திருக்கிறேன்.

இரட்டைச்சிலிண்டர்:
ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் 'ஒரே ஆயில்' வாதம் எல்லா க்ரூஸருக்கும் பொருந்தாது. ஹார்லியின் பெரிய ட்வின் வண்டிகளில் எஞ்சினுக்கு, ப்ரைமரிக்கு, கியர் பாக்ஸுக்கு என்று மூன்று ஆயில் தனித்தனி. அங்கேயும் முதல் கியர் 'டங்' என்றுதான் விழுகிறது. கேபிள் சரியாக இருந்தும் விழுகிறது. எனக்கு உள்ள பயம் வேறு: சத்தத்தைத் துரத்திக்கொண்டு கேபிளை இறுக்கிக்கொண்டே போவார்கள். ஆட்டமே இல்லாமல் போனால் லீவரை விட்ட பிறகும் பிளேட்டுகள் முழுசாக ஒட்டாது, வழுக்கிக் கருகும். இயல்பான சத்தத்துக்கு வைத்தியம் பார்த்து உண்மையான கோளாறை வரவழைத்துக்கொள்வது அது.

பயப்பட வேண்டிய சத்தம் வேறு. 'கரகர' என்று அரைப்பது, ஓடும்போது கியர் தானாகக் கழன்றுவிடுவது, ஆயில் மாற்றும்போது அதை வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் இரும்புச் சில்லு வருவது. இவற்றில் ஒன்று இருந்தால் உடனே பட்டறைக்குப் போங்கள். ஒற்றை 'டக்' அந்தக் கணக்கில் வராது.

பட்டறைக்கை:
இறுக்கச் சொல்லவில்லை, அளவுக்கு வைக்கச் சொன்னேன். மற்றபடி நீங்கள் சொன்ன மூன்று அடையாளங்களும் சரி, எல்லோரும் குறித்துக்கொள்ளட்டும்.

பழைய_புல்லட்:
வலது காலில் கியர் போட்ட காலத்திலிருந்து ஓட்டுகிறேன். திருவொற்றியூரில் செய்த அந்த நான்கு கியர் புல்லட்டில் நியூட்ரல் பிடிக்கத் தனியாக ஒரு குட்டி லீவர் உண்டு, குதிகாலால் அழுத்தினால் போதும். அந்தப் பெட்டி ஒன்றைக் கற்றுக்கொடுத்தது: அவசரப்படாதே.

இப்போது பிள்ளைகள் வீடியோ பார்த்துவிட்டு 'லீவரில் முன்கூட்டியே காலை அழுத்தி வை, க்ளட்ச்சைத் தொட்டவுடன் பட்டென்று தட்டு' என்கிறார்கள். ரேஸ் வண்டியில் ஃப்ளைவீல், அதாவது எஞ்சினோடு சுற்றும் எடைச் சக்கரம், லேசானது, அங்கே சரி. க்ரூஸரில் ஃப்ளைவீல் கனம், எஞ்சின் வேகம் மெதுவாகத்தான் இறங்கும். ஒரு கணக்கு போடுங்கள். முதல் கியர் விகிதம் 2.6, இரண்டாவது 1.7 என்றால் 3000 ஆர்பிஎம்மில் மாற்றும்போது எஞ்சின் ஏறத்தாழ 1960க்கு இறங்கியாக வேண்டும். நான்கிலிருந்து ஐந்துக்கு அந்த இறக்கம் இதில் பாதிகூட இருக்காது. தம்பிக்கு இரண்டாவது கியரில் மட்டும் அடி விழுவது அதனால்தான். ஆக்சிலரேட்டரை மூடு, க்ளட்ச் பிடி, மனதுக்குள் 'ஒன்று' என்று சொல், அப்புறம் உறுதியாகத் தூக்கு. பயந்து பயந்து பாதி தூக்கினாலும் கெடுதல், முட்டு விளிம்பில் உரசும்.

இரட்டைச்சிலிண்டர்:
இங்கே உடன்பட முடியவில்லை. காலை லேசாக அழுத்தி வைத்து மாற்றினால் லீவர், லிங்க், உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க் இவற்றில் இருக்கும் ஆட்டம் முதலிலேயே எடுபட்டுவிடும். கால் முன்னால் நீண்டிருக்கும் வண்டிகளில் லிங்க் ராடும் நீளம், மூட்டுகளில் ஆட்டமும் அதிகம். எனக்கு இரண்டாவது கியர் அமைதியானது அப்படித்தான்.

பழைய_புல்லட்:
லேசாக அழுத்துவதில் எனக்குச் சண்டை இல்லை. வேகம் இறங்குவதற்கு முன்பே தட்டுவதில்தான் சண்டை. 2000க்குக் கீழே மாற்றினால் உங்கள் முறையும் சரிவரும், 3500ல் வராது.

நெடுஞ்சாலைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

கேபிளில் நாணயம் வைத்துப் பார்த்தேன், இரண்டு இல்லை, ஐந்து போனது. கைப்பிடிப் பக்கத் திருகில் சரிசெய்து இரண்டுக்குக் கொண்டுவந்தேன். முதல் கியர் அடி அன்றே குறைந்தது. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு முதல் கியரில் க்ளட்ச்சைப் பிடித்து, பிளேட் விடும் வரை வண்டியை முன்னும் பின்னும் உருட்டுகிறேன். ராத்திரி முழுக்க ஒட்டியிருந்தது 'சடக்' என்று விடுவது கையிலேயே தெரிகிறது. ஸ்டார்ட் செய்ததும் குளிர் எஞ்சின் வேகமாக ஓடும், மீட்டரில் 1500ஐத் தொடுகிறது. அது 1100க்கு இறங்கும் வரை காத்திருந்து, க்ளட்ச் பிடித்து மூன்று எண்ணியபின் மிதிக்கிறேன்.

ஓடும்போது வந்த அடியில் பாதி கியர் பாக்ஸிலிருந்து வரவில்லை. செயின் நடுவில் 50 மி.மீ. தொங்கியது, கையேட்டில் 25 முதல் 30 என்று இருக்கிறது. பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் அதிர்வைத் தாங்கும் ஹப் ரப்பர் ஓரம் நசுங்கி, ஸ்ப்ராக்கெட் கையால் ஆட்டினாலே ஆடியது. ரப்பர் மாற்றினேன், செயினை அளவுக்கு வைத்தேன். ஆயிலை இன்னும் தொடவில்லை, எது எதனால் குறைந்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காக.

நேற்றும் இன்றும் வாசலிலேயே கியர் போட்டேன். சத்தம் இருக்கிறது, மரக்கதவுத் தாழ்ப்பாள் விழுகிற அளவு. தூளி அசையவில்லை.

இரட்டைச்சிலிண்டர்:
மகிழ்ச்சி. அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தைத்தான் நான் இயல்பு என்றேன். ரப்பரும் செயினும் எனக்குத் தோன்றவில்லை, பெல்ட் வண்டி ஓட்டுபவன் என்பதால் இருக்கலாம்.

பட்டறைக்கை:
நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. சூடான பிறகு சிக்னலில் நியூட்ரல் எப்படி?

நெடுஞ்சாலைக்காரன்:
அதுதான் இன்னும் சரியாகவில்லை அண்ணா. ஒரு மணி நேரம் நகரத்துக்குள் ஓட்டினால் நியூட்ரல் சிக்குவதில்லை, ஒன்றுக்கும் இரண்டுக்கும் தாவுகிறது.

பட்டறைக்கை:
அப்போது க்ளட்ச் மூடியைத் திறந்தாக வேண்டும். ஸ்டீல் பிளேட் ஒவ்வொன்றையும் கண்ணாடித் தட்டில் வைத்துப் பாருங்கள், வெப்பத்தில் வளைந்திருந்தால் ஆடும். பிளேட்டுகள் உட்காரும் கூடையான பாஸ்கெட்டின் விரல்களில் நகம் தடவிப் பாருங்கள். பிளேட் காது அடித்து அடித்துப் பள்ளம் விழுந்திருந்தால் நகம் மாட்டும், பிளேட் நழுவி விலகாமல் அங்கேயே நிற்கும். மூடி கேஸ்கெட் புதிதாக வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள், பழையது கிழியாமல் வராது. ஆயிலை அதே நாளில் மாற்றிவிடலாம்.

நெடுஞ்சாலைக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை திறக்கிறேன். படம் எடுத்துப் போடுகிறேன்.