ராம்ப் நுனியை விட்ட பிறகு நடந்த அந்த ஒரு நொடி: உங்கள் ஆர்சி டிரக் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வேளச்சேரி_3எஸ்

போன ஞாயிறு நடந்தது. மூன்று நாளாக வேலையில் மனம் ஒட்டவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டி ரிமோட்டில் ஓட்டுகிற ஆர்சி டிரக், 1/10 (நிஜ அளவில் பத்தில் ஒன்று) ஷார்ட் கோர்ஸ் வகை, பின்சக்கர இழுவை. இரண்டு வருடமாக 2எஸ் (இரண்டு செல்) லிப்போ பேட்டரியிலேயே ஓட்டினேன். அன்றைக்கு முதல் தடவையாக 3எஸ் (மூன்று செல், வேகம் கூடும்) மாட்டினேன். எங்கள் பக்கம் புதிதாகப் போட்ட லேஅவுட் ரோடு, இன்னும் ஒரு வீடுகூட எழவில்லை, காலை ஆறரைக்கு நாய்கூட வராது. ராம்ப் பழையதுதான்: 12 மி.மீ. பிளைவுட், நான்கடிக்கு இரண்டடி, பின்னால் ஹாலோ பிளாக் முட்டு. அக்கா மகன் கூட வந்திருந்தான், எட்டு வயது. "மாமா, அந்த மண்மேட்டை இன்னிக்கு தாண்டிடுமா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான்.

தாண்டியது. ஆனால் நுனியை விட்ட பிறகும் டிரிகரை முழுதாக இழுத்தபடியே இருந்தேன். பின் டயர்கள் இரண்டும் காற்றில் வேகம் பிடித்து, விரிந்து, தட்டு மாதிரி ஆகிவிட்டன. மூக்கு எழும்பியது. பிரேக் தட்டினால், அதாவது டிரிகரை வெளியே தள்ளினால், மூக்கு இறங்கும் என்று எனக்குத் தெரியும், 2எஸ்ஸில் எத்தனையோ முறை செய்திருக்கிறேன். விரல் அசையவில்லை. சேஸிஸின் அடிப்பக்கம் முழுதாக என்னைப் பார்த்தது: பழைய கீறல்கள், சிவப்பு மண், போன தீபாவளிக்கு நான் ஒட்டிய கறுப்பு டேப் வரைக்கும் தெரிந்தது. செங்குத்தாக நின்று, பின்னால் சாய்ந்து, முதுகு தரையில் அடித்தது.

பாடி பிளந்தது, பின் ஷாக் டவர் (ஷாக்கைத் தாங்கும் சட்டம்) போயிற்று. அது காசோடு போகிற விஷயம். பையன் ஓடிப்போய் இரண்டு கையாலும் தூக்கி, "செத்துப் போச்சா மாமா?" என்றான். தெரிந்த வேலையை விரல் ஏன் செய்யவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி ஒரு தாவல் உண்டா?

பீளமேடு_பினியன்

உண்டு. எனக்கு நேர்மாறு. 1/8, நான்கு சக்கர இழுவை. மூக்கு கீழே போகிறதே என்று டிரிகரை இழுத்தேன், அழகாக எழும்பி மட்டமானது. அந்தச் சந்தோஷத்தில் டிரிகரை விட மறந்து அப்படியே இறக்கிவிட்டேன். முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்த நான்கு டயரும் தரையைக் கடித்த அந்தக் கணம் "டக்" என்று ஒரே ஒரு சத்தம். அதற்குப் பிறகு மோட்டார் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை.

வீட்டுக்கு வந்து பின் டிஃப்பை (இரு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) திறந்தேன். மூன்று பல் இல்லை. உள்ளே ஊற்றியிருந்த சிலிகான் எண்ணெய் தெளிவாக இருக்க வேண்டியது, வெள்ளிப்பொடி கலந்த மாதிரி மின்னியது. டியூப்லைட் வெளிச்சத்தில் அந்த மினுமினுப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் எத்தனை தாவலாக அது அரைபட்டுக்கொண்டிருந்ததோ.

மதுரை_நேர்பலகை

வேளச்சேரி நண்பருக்கு. விரலைக் குறை சொல்லாதீர்கள், ராம்ப்பைப் பாருங்கள் என்பேன். பீளமேடு நண்பரே, உங்களுக்கும் பிறகு ஒன்று சொல்ல வேண்டும்.

என் அனுபவம் சின்னது. மொட்டைமாடியில் ராம்ப் வைத்தேன், வண்டி கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போய்விட்டது. மூன்று மாடி. கீழே யாரும் இல்லை. சுவருக்கு ஓடி, எட்டிப் பார்க்கப் பயந்து நின்ற அந்தச் சில நொடிகள் போதும். அன்றோடு மாடியில் ஓட்டுவதை விட்டேன், நீங்களும் விட்டுவிடுங்கள்.

இப்போது ராம்ப். பலகை நேராக இருந்தால் ஒரு விதம், உள்வளைவாக இருந்தால் வேறு விதம். நேர்ப்பலகையில் வண்டி மெதுவாகப் போனால் முன்சக்கரம் முதலில் நுனியை விட்டு விழத் தொடங்கும், பின்சக்கரம் இன்னும் பலகையில் இருக்கும், அதனால் மூக்கு குத்தும். உள்வளைவில் அப்படி இல்லை. வளைவோடு ஏறும்போதே வண்டி பின்னால் சுழல ஆரம்பித்துவிடுகிறது, நுனியை விட்ட பிறகும் அந்தச் சுழற்சி நிற்காது. வேகம் கூடக் கூட அதுவும் கூடும். 2எஸ்ஸில் தெரியாமல் இருந்தது 3எஸ்ஸில் தெரிந்திருக்கும். 12 மி.மீ. பிளைவுட்டை நடுவில் முட்டு இல்லாமல் வைத்து, இரண்டு மழையில் நனைய விட்டால் அது நேராகவா இருக்கும்? ஒரு அளவுகோலை வைத்துப் பாருங்கள். நடுவில் குறுக்குச் சட்டம் அடியுங்கள், அடியில் வார்னிஷ் பூசுங்கள்.

அடுத்தது ஷாக். பின் ஷாக்கில் எண்ணெய் மெலிசாக இருந்தால் ராம்ப்பில் அமுங்கி, நுனியில் துள்ளி, பின்பக்கத்தைத் தூக்கிவிடும். கெட்டி எண்ணெய்க்கு மாறுங்கள். மோட்டாரில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனுக்கும், அது சுற்றும் பெரிய பல்சக்கரமான ஸ்பருக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து இறுக்கி, பிறகு உருவி எடுங்கள், அந்த இடைவெளி சரியாக இருக்கும். பாடி கிளிப் நான்கும் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் பாருங்கள்.

பேட்டரியைப் பற்றி யாரும் பேசவே இல்லை, அதுதான் எனக்குக் கவலை. முதுகு அடித்து விழுந்தது என்கிறீர்கள். லிப்போ பேட்டரியை வெளியே எடுத்துத் தடவிப் பார்த்தீர்களா? கெட்டி உறை இல்லாத பேக்கை வைத்து ராம்ப் ஏறவே கூடாது. நசுங்கல், உப்பல் எது இருந்தாலும் அதை மறுபடி சார்ஜ் போடாதீர்கள். விழுந்த உடனே வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வெளியே மண்தரையில் கொஞ்ச நேரம் வையுங்கள், அடிபட்ட செல் சில நேரம் தாமதித்துத்தான் புகையும். செல்லுக்கு 4.2 வோல்ட் மேல் ஏற்றக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடக் கூடாது, எடுத்து வைக்கும்போது 3.8 பக்கம் இருக்க வேண்டும். சார்ஜ் போட்டுவிட்டுக் கடைக்குப் போவதெல்லாம் வேண்டாம். எட்டு வயதுப் பையன் பக்கத்தில் இருக்கிறான், அதனால் சொல்கிறேன்.

பீளமேடு நண்பருக்கு: டிஃப் எண்ணெயை வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்றியிருந்தால் அந்த வெள்ளிப்பொடி முன்பே கண்ணில் பட்டிருக்கும்.

பீளமேடு_பினியன்

மதுரை அண்ணா, ராம்ப் வளைவு பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அவர் கேட்டது விரலைப் பற்றி. வளைந்த பலகையானாலும் பிரேக் தட்டியிருந்தால் கொஞ்சமாவது இறங்கியிருக்கும். பின்சக்கர இழுவை வண்டியில் இரண்டு சக்கரம்தான் நிற்கும், நான்கு நிற்கிற அளவுக்குப் பலன் இருக்காது, அவ்வளவே. அப்புறம், எண்ணெயை நான் மாற்றி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

ஸ்கார்பரோ_ஸ்னோமேடு

இங்கே கனடாவில் எங்களுக்குப் பிளைவுட் தேவையில்லை. கார் பார்க்கில் ஸ்னோவை வழித்து ஓரத்தில் குவித்து வைப்பார்கள், ராத்திரியில் அது இறுகிக் கல்லாகிவிடும், அதுதான் ராம்ப்.

அப்பாவுக்கு நான் இந்த வண்டிக்குச் செலவழிக்கிற காசு பிடிக்காது. வாய் திறந்து சொல்ல மாட்டார், வண்டிப் பெட்டியைக் கண்டால் எழுந்து மற்ற அறைக்குப் போய்விடுவார். ஒரு ஞாயிறு, வெளியே -14 டிகிரி, நான் சப்பாத்து மாட்டும்போது தானும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். ஏனென்று நான் கேட்கவில்லை.

முதல் இரண்டு பாய்ச்சலும் நல்ல வடிவாகப் போனது. இரண்டாவதில் அவர் கையை ஜாக்கெட் பொக்கற்றிலிருந்து எடுத்தார், அதை ஓரக்கண்ணால் பார்த்தேன். மூன்றாவதை இன்னும் தூரம் போக வைக்க வேண்டும் என்று பின்னால் போய் நீளமாக ஓட்டி வந்தேன். மேட்டின் அடியில் ஏறும்போது வண்டி திடீரென்று சோர்ந்தது. குளிரில் லிப்போ பற்றறி பாரம் தாங்காது, இழுக்கும்போது வோல்ட் சட்டென்று விழும், இஎஸ்சி (மோட்டாருக்குப் போகிற மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) அதைப் பார்த்துப் பற்றறி முடிந்தது என்று நினைத்துப் பவரைக் குறைத்துவிடும். எனக்கு இது தெரியும். பற்றறியை ஜாக்கெட்டுக்குள் வைத்துச் சூடாக்கித்தான் கொண்டு வந்தேன், ஆனால் மூன்றாவது ஓட்டத்துக்குள் ஆறிவிட்டது. வண்டி மேட்டின் உச்சியில் தயங்கி, மூக்கு குத்தி ஐஸில் விழுந்தது. முன்சக்கரங்களைத் தாங்கும் ஆர்ம் இரண்டும் பிஸ்கட் மாதிரி முறிந்தன. கோடையில் இதே ஆர்ம் வளைந்து கொடுக்கும், அந்தக் குளிரில் பிளாஸ்டிக்குக்கு வளையத் தெரியாது.

அப்பா போய் எடுத்து வந்தார். கையுறையைக் கழற்றிவிட்டு, முறிந்த இரண்டு துண்டையும் ஸ்னோவுக்குள் தேடி எடுத்து என் கையில் தந்தார். "இது வேற வாங்கலாமே?" என்று மட்டும் கேட்டார். அவர் விரல்கள் சிவந்து கிடந்தன. அடுத்த குளிர்காலத்துக்கு அவர் இல்லை. மூன்றாவது பாய்ச்சலை நான் எடுக்காமல் விட்டிருக்கலாம் என்று ஒவ்வொரு முறை ஸ்னோ கொட்டும்போதும் நினைப்பேன்.

ஜூரோங்_மஞ்சள்

ஸ்கார்பரோ தம்பி, படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

என்னுடையது தொண்ணூறுகளின் சிங்கப்பூர்க் கதை. அப்போது 27 மெகாஹெர்ட்ஸ், கிரிஸ்டல் (அலைவரிசையைத் தீர்மானிக்கிற சின்னத் துண்டு) மாற்றிப் போடுகிற ரிமோட். ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு நிறம். என்னுடையது மஞ்சள், 27.145. நீளமான ஏரியல், நுனியில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருப்போம், மஞ்சள் பறந்தால் இன்னொரு மஞ்சள்காரர் ரிமோட்டைத் தொடக் கூடாது. டமியா லஞ்ச் பாக்ஸ் ஓட்டினேன், 1987இல் வந்த வண்டி, டிரிகரைத் தொட்டாலே முன்சக்கரம் தூக்கும். அதை வைத்து ராம்ப் ஏறுவது தனிக் கலை.

ஒரு மாலை, புளோக்குக்குப் பக்கத்துத் திடலில் ராம்ப்பை நோக்கி முழு வேகத்தில் விட்டேன். பாதி வழியில் வண்டி தானாகத் திரும்பியது. நான் இடது திருப்புகிறேன், அது வலது போகிறது. ராம்ப்புக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் ஒரு சீனத் தாத்தா பறவைக் கூண்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வண்டி அவரை நோக்கிப் போகிறது, என் கையில் ரிமோட் இருக்கிறது, ஆனால் அது என் வண்டி இல்லை. தாத்தா கூண்டை மட்டும் தலைக்கு மேல் தூக்கினார். காலை நகர்த்தவில்லை. வண்டி பெஞ்சின் இரும்புக் காலில் மோதி நின்றது. திடலின் மறுமுனையில் ஒரு பையன் புது ரிமோட்டை ஆன் செய்து பார்த்துக்கொண்டிருந்தான், அதுவும் மஞ்சள்.

இன்றைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் சிக்னல் அறுந்தால் வண்டி என்ன செய்ய வேண்டும் என்பதை ஃபெயில்சேஃபில் வைத்தீர்களா? வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, சக்கரம் சுற்றும்போது ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். சக்கரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த வண்டியை ராம்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

திருச்சி_240

மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். வேளச்சேரி அண்ணாவின் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

30 டிகிரி ராம்ப், நுனியில் மணிக்கு 45 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 12.5 மீட்டர். காற்றுத் தடையை விட்டுவிட்டு, ஏறிய உயரத்திலேயே இறங்குவதாகக் கணக்குப் போட்டால் 13.8 மீட்டர் பாயும், உச்சியில் 2 மீட்டர், காற்றில் இருப்பது 1.27 நொடி. உங்களிடம் இருந்ததே இவ்வளவுதான்.

போன மாதம் தங்கையிடம் போனைக் கொடுத்து நொடிக்கு 240 ஃபிரேமில் எடுக்கச் சொன்னேன். வண்டியை எடுக்கச் சொன்னால் அவள் என் கையைத்தான் எடுத்திருந்தாள், பின்னால் ஓரத்தில் வண்டி தெரிகிறது. முதலில் வருத்தமாக இருந்தது. அப்புறம் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். நுனியை விட்ட உடனே பிரேக் தட்டினேன் என்று சத்தியம் செய்திருப்பேன். விரல் அசையத் தொடங்கியது 71வது ஃபிரேமில். கிட்டத்தட்ட 0.3 நொடி. அந்த 71 ஃபிரேமிலும் என் விரல் டிரிகர் மேல் கல் மாதிரி இருக்கிறது, வண்டி பின்னால் மேலே போய்க்கொண்டிருக்கிறது. அந்த வீடியோவை இதுவரை முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். உங்கள் விரலும் அசைந்திருக்கலாம் அண்ணா, மூக்கு செங்குத்தான பிறகு அசைந்திருக்கும்.

மதுரை_நேர்பலகை

தம்பி, கணக்கு சரி. ஆனால் ராம்ப் ஏறும்போதே வேகம் குறையும், அதைக் கழிக்கவில்லை. அளந்து பார்த்தாயா?

திருச்சி_240

டேப் வைத்து அளந்தேன் அண்ணா, 11 மீட்டரும் கொஞ்சமும்.

வேளச்சேரி_3எஸ்

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். ஸ்கார்பரோ நண்பரே, உங்கள் பதிவை மனைவிக்கும் படித்துக் காட்டினேன்.

மதுரை அண்ணா, பலகை மேல் அளவுகோல் வைத்தேன். நடுவில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குக் குழிந்திருக்கிறது. இரண்டு வருடமாக அதில்தான் ஏறிக்கொண்டிருந்தேன், கவனிக்கவே இல்லை. நேற்று குறுக்குச் சட்டம் இரண்டு அடித்தேன். பேட்டரி ஒரு மூலையில் லேசாக நசுங்கியிருந்தது, தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

ஷாக் டவர் வந்துவிட்டது. இன்று காலை 2எஸ் மாட்டி, முதலில் பையன் கையில் ரிமோட்டைக் கொடுத்து, சும்மா நிற்க வைத்த வண்டியில் "டிரிகரை வெளியே தள்ளு" என்று இருபது தடவை பழக்கினேன். அப்புறம் நான் ஓட்டினேன். நுனியை விட்டதும் அவன் பக்கத்திலிருந்து "பிரேக்!" என்று கத்தினான். விரல் போயிற்று, மூக்கு இறங்கியது, பின்சக்கரம் முதலில் தொட்டு உட்கார்ந்தது. எட்டுத் தடவை ஏறினோம், எட்டுத் தடவையும் கத்தினான்.

3எஸ் புதுப் பேக் வாங்க வேண்டும், கெட்டி உறையோடு. அவனுக்கு அடுத்த ஞாயிறும் பள்ளிக்கூடம் இல்லை.