புதுப்பிப்பு: பிரீஸ்ட் 40-ஐத் தொட்டாச்சு

வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற ஆன்லைன் விளையாட்டில் என் பிரீஸ்ட் (குணப்படுத்தும் மந்திரங்கள் தெரிந்த பாத்திரம்) 18-ஆவது லெவலிலேயே நிற்கிறாள், இரண்டு ஓநாயைக் கொன்றால் மானா (மந்திரம் போடத் தேவையான சக்தி) காலி என்று புலம்பியிருந்தேன் அல்லவா? இப்போது 40.

தப்பு என்னுடையதுதான். ஹீலர் (கூட்டாளிகளைக் குணப்படுத்துபவள்) ஆயிற்றே என்று, லெவல் ஏறும்போது கிடைக்கும் டேலண்ட் புள்ளிகளையெல்லாம் குணப்படுத்தும் கிளையான ஹோலியில் கொட்டியிருந்தேன். ஒரு தங்கக் காசு கொடுத்து அழித்துவிட்டு, முதல் ஐந்தை, தாக்கும் கிளையான ஷேடோவில் உள்ள ஸ்பிரிட் டேப் என்ற திறனில் போட்டேன். ஓர் எதிரியைக் கொன்றதும் 15 விநாடிக்கு ஸ்பிரிட் (மானா திரும்ப ஊறும் வேகத்தைக் கூட்டும் பண்பு) இரட்டிப்பு.

அதைவிடக் கைகொடுத்தது மந்திரக்கோல். முதலில் என்மேல் ஷீல்டு (அடி தாங்கும் மந்திரம்), எதிரிமேல் ஒரு ஷேடோ வேர்ட் பெயின் (கொஞ்சம் கொஞ்சமாக உயிரைக் குறைக்கும் மந்திரம்), அப்புறம் கோலால் சுட்டுக்கொண்டே இருப்பேன். மானா செலவழித்து 5 விநாடி ஆனபிறகுதான் ஸ்பிரிட்டால் மானா ஊறும். கோலுக்கு மானாவே வேண்டாம், அதனால் சுடும்போதே ஊறிவிடும். சலிப்புதான், ஒரு கையில் டீயோடு ஆடலாம்.

குழுவாகப் போகும் டன்ஜனில் ஹீல் செய்ய முடியுமா? ஷேடோ புள்ளிகளோடே ஸ்கார்லெட் மொனாஸ்டரி என்ற டன்ஜனைச் சமாளித்தேன். டேங்க் (முன்னால் நின்று அடி வாங்குபவர்) ஒரே முறை செத்தார். என்னை விட்டுவிட்டு ஓடினால் வேறென்ன ஆகும்?