தெற்கு மங்கோலியா (சீனாவுக்குள் இருக்கும் உள் மங்கோலியா): உள்ளே ஆளே இல்லையா?

புல்வெளியான்: "உள் மங்கோலிய விடுதலை என்பது நியூயார்க்கில் நாலு பேர், டோக்கியோவில் நாலு பேர். உள்ளே ஓர் ஆள் கிடையாது" என்று வரைபடப்பித்தன் நேற்று எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஹடா யார்? உள் மங்கோலியத் தலைநகர் ஹோஹோட்டில் புத்தகக் கடை வைத்திருந்தவர். 1995இல் பிடித்து 15 ஆண்டுத் தண்டனை கொடுத்தார்கள். 2010இல் தண்டனை முடிந்தும் 2014 வரை விடவில்லை. ஆளே இல்லாத இடத்தில் யாரைப் பூட்டி வைத்தார்கள்?

வரைபடப்பித்தன்: ஒருவர் இயக்கம் ஆகிவிட மாட்டார். உள் மங்கோலிய மக்கள் கட்சி 1997இல் எங்கே தொடங்கியது? அமெரிக்காவில். 2020 கணக்கெடுப்பில் உள் மங்கோலியாவிலேயே மங்கோலியர் நூற்றுக்கு 18 பேர்கூட இல்லை.

புல்வெளியான்: வெளியே தொடங்காமல் ஹோஹோட்டிலா பெயர்ப்பலகை மாட்டுவார்கள்? 2020 செப்டம்பரில் மொழிப்பாடம், அரசியல், வரலாறு மூன்றையும் படிப்படியாகச் சீன மொழிக்கு மாற்றுகிறோம் என்றதும், பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தினார்களே, அவர்கள் டோக்கியோவிலா இருந்தார்கள்?

வரைபடப்பித்தன்: அந்தப் பெற்றோரில் ஒருவராவது தனிநாடு கேட்டாரா? ஆம், இல்லை என்று சொல்லுங்கள்.

புல்வெளியான்: கேட்டால் கதி என்ன என்று ஹடாவைப் பார்த்தாலே தெரியாதா? 2011இல் உள் மங்கோலியாவின் ஷிலின்கோல் பகுதியில் மேய்ச்சல் நிலத்தில் நிலக்கரி லாரிகள் புகுந்தன. மறித்த மேய்ப்பர் மெர்கென் மீதே லாரியை ஏற்றினார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

வரைபடப்பித்தன்: அது நிலத்துக்கான போராட்டம். திரும்பவும் கேட்கிறேன், தனிநாடு கேட்டார்களா?

ஓரத்துக்காரன்: மங்கோலிய நாட்டுக்காரர்களே இவர்களைப் பாதிச் சீனர் என்று ஏளனம் செய்வதுண்டு. அவர்கள் சேர்த்துக்கொள்வார்களா என்று முதலில் பாருங்கள்.

புல்வெளியான்: அந்த ஏளனம் அநியாயம். 1940களில் சிரில் எழுத்துக்கு, அதாவது ரஷ்ய எழுத்துக்குப் போனவர்கள் அவர்கள். மேலிருந்து கீழே எழுதும் பழைய எழுத்தை விடாமல் வைத்திருந்தவர்கள் இவர்கள்.

ஓரத்துக்காரன்: எழுத்தை வைத்து நாடு வாங்க முடியுமா?

புல்வெளியான்: நீங்கள் திபெத் இழையிலும் இப்படித்தான் நடுவில் வந்து திசைதிருப்பினீர்கள். மறக்கவில்லை. கலாச்சாரப் புரட்சியில், எப்போதோ கலைக்கப்பட்ட ஒரு கட்சியில் ரகசியமாக இருந்ததாகச் சொல்லியே மங்கோலியரை வேட்டையாடினார்கள். சீன அரசின் கணக்கிலேயே 16,222 பேர் செத்தார்கள். அதைப் பார்த்த தலைமுறை பிள்ளைகளிடம் வாயை மூடு என்றுதான் சொல்லும். பேசுவதற்கு வெளிநாடுதான் மிச்சம்.

வரைபடப்பித்தன்: அதைத்தான் நானும் சொன்னேன், வெளிநாடுதான். இனி "உள்ளே" என்று எழுதாதீர்கள்.

புல்வெளியான்: பேசுகிறவர் வெளியே, ஜெயிலுக்குப் போனவர் உள்ளே. அவரைப் பற்றி இன்னும் ஒரு வரி நீங்கள் எழுதவில்லை.

வரைபடப்பித்தன்: என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆமா, இல்லையா?

ஓரத்துக்காரன்: திபெத் இழையில் நான் எதைத் திசைதிருப்பினேன்? சுட்டியைப் போடுங்கள்.