யூதித்தின் பணிப்பெண் உள்ளே வந்தது தப்பா?

கரிக்கோல்: யூதித்து, எதிரிப் படைத்தலைவன் ஒலோபெரினோட கூடாரத்துக்குள்ள அவன் தலையை வெட்டின பைபிள் கதை நாயகி. 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி வரைஞ்ச யூதித்து படமெல்லாம் "கரவாஜியோ காப்பி, மிச்சம் பழிவாங்கல்"னு நேத்து ஒருத்தர் ஒரே வரியில முடிச்சுட்டார். படிச்சதுலேர்ந்து மனசே ஆறல. இதே காட்சியை முன்னாடியே வரைஞ்ச ஓவியர் கரவாஜியோ படத்துல பணிப்பெண் யாரு? துணியை ஏந்திக்கிட்டு ஓரமா நிக்கிற கிழவி. ஆர்ட்டெமிசியா படத்துல இளவயசுக்காரி. ஒலோபெரினை மேலேர்ந்து அமுக்கிப் பிடிக்கிறா, அவன் முஷ்டி அவ முகத்துக்கு நேரா எழும்புது. இதுவா காப்பி?

மறைக்கல்வி ஆசிரியர்: யூதித்து நூல், 13ஆம் அதிகாரம் படிங்க. பணிப்பெண்ணை வெளியே நிக்கச் சொல்லிட்டுத்தான் யூதித்து தனியா வெட்டுறார். அவள் உள்ளே இருப்பதே பிழை.

தூரிகைத்துளி: நேத்து எழுதினது நான்தான். 1611ல ஓவியன் தாஸ்ஸி ஆர்ட்டெமிசியாவைப் பலாத்காரம் செய்தான். 1612ல வழக்கு. அதை ஒட்டி வரைஞ்சதுதான் நேப்பிள்ஸ்ல இருக்கிற யூதித்து படம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

கரிக்கோல்: 1610ல அவங்க வரைஞ்ச சூசன்னா படத்தை என்ன பண்ணுவீங்க? சூசன்னாவும் பைபிள் கதைப் பெண்தான். குனிஞ்சு காதோரம் பேசுற ரெண்டு கிழவங்களையும் முகம் சுளிச்சுக் கையால தடுக்கிறா. அப்ப தாஸ்ஸி கதையே இல்ல. வழக்குலயும் சொல்றது உண்மையான்னு சோதிக்கக் கயித்தை இறுக்கினது ஆர்ட்டெமிசியா விரல்லதான், தாஸ்ஸி விரல்ல இல்ல. ஓவியரோட விரல்! அந்தக் கையோட திறமையைப் பேசுங்கன்னா அவன் பேரையே இழுக்கிறீங்க.

நெய்தல்: எங்க புராட்டஸ்டன்ட் பைபிள்ல யூதித்து புத்தகமே கிடையாது.

மறைக்கல்வி ஆசிரியர்: எடுத்தது நீங்க. எங்க கத்தோலிக்க விவிலியத்துல பத்திரமா இருக்கு.

நெய்தல்: ஆரம்பிச்சுட்டீங்களா? போன மாசமும் இதே பேச்சுதான் பேசினீங்க.

கரிக்கோல்: சபைச் சண்டையை வேற இடத்துல வெச்சுக்கோங்க. ஃபுளோரன்ஸ் உஃபிஸி அருங்காட்சியகத்துல இருக்கிற, 1620 வாக்குல ஆர்ட்டெமிசியா திரும்ப வரைஞ்ச யூதித்து படத்தைப் பெரிசாக்கிப் பாருங்க. யூதித்து சட்டைக்கையைச் சுருட்டி, உடம்பைப் பின்னால சாய்ச்சு, கையை நீட்டி அறுக்கிறா. ரத்தம் தெறிக்குது. அவ்வளவு பெரிய உடம்பை ஒருத்தியால அசையாம பிடிச்சுக்கிட்டே அறுக்க முடியுமா? அதுக்குத்தான் பணிப்பெண் உள்ளே வந்தா.

தூரிகைத்துளி: கரவாஜியோவும் அவளை உள்ளேதானே வெச்சார்? அப்ப காப்பிதான்.

கரிக்கோல்: நிக்க வெச்சார். இவங்க வேலை செய்ய வெச்சாங்க!! டெட்ராய்ட் அருங்காட்சியகத்துல இருக்கிற ஆர்ட்டெமிசியா படத்துலயும் மெழுகுவர்த்தி வெளிச்சத்துல தலையை மூட்டை கட்டுறது பணிப்பெண்தான். ரவி வர்மா பத்திப் பேசினப்பவும் நீங்க படத்தைப் பார்க்காமத்தான் எழுதினீங்க, மறக்கல.

தூரிகைத்துளி: பழசைக் கிளறாதீங்க.

மறைக்கல்வி ஆசிரியர்: 13ஆம் அதிகாரம், 3ஆம் வசனம். வெளியே.

கரிக்கோல்: அந்த முஷ்டியைப் பார்த்தீங்களா இல்லையா?