டொமைன் யார் பேரில் இருக்கிறது? இரண்டு வழியிலும் பட்டுத் தெரிந்துகொண்டேன்

மொழிபெயர்ப்பு வேலைக்காக ஒரு வலைத்தளம் வேண்டும் என்றதும் நான் முதலில் போனது தானாகவே தளம் கட்டித் தரும் சேவை ஒன்றுக்குத்தான். என்ன தொழில், எந்த நிறம் பிடிக்கும் என்று நாலைந்து கேள்வி கேட்டது, கொஞ்ச நேரத்தில் முகப்புப் பக்கம் தயார். ஒரே மாலையில் தளம் வந்துவிட்டது. கையில் ஒன்றும் இல்லாமல் தொடங்குகிறவருக்கு அது பெரிய உதவி, அதை நான் மறுக்கவே மாட்டேன்.

தமிழில் தலைப்பு போட்டபோதுதான் சிக்கல். டெம்ப்ளேட்டில் இருந்த எழுத்துருவில் தமிழே கிடையாது, அதனால் ஒவ்வொரு போனும் தன்னிடம் இருக்கும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுக்கொண்டது. வரி இடைவெளியும் ஆங்கிலத்துக்கு வைத்த கணக்கு. மேல் வரியில் இருந்த ‘து’வின் வால் கீழ் வரியில் இருந்த ‘க்’கின் புள்ளிமேல் இடித்துக்கொண்டு நின்றது. மொழியை நம்பிப் பிழைக்கிறவரின் தளம் இப்படி இருந்தால் யார் வேலை கொடுப்பார்கள்? தேடித் தேடிப் பார்த்தும் தமிழுக்கு மட்டும் இடைவெளியை மாற்ற எனக்கு வழி கிடைக்கவில்லை.

சரி, ஆள் வைத்தே செய்வோம் என்று ஒரு டெவலப்பரிடம் போனேன். வேலை அருமை, இப்போதும் சொல்வேன். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போட்டார், வரிகள் மூச்சுவிட்டன. போனில் எடுத்து நான் அப்படியே ஏற்றியிருந்த 4 எம்பி படத்தைச் சுருக்கினார். பக்கத்தின் பெரிய பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்று கூகுள் வைத்திருக்கும் அளவுக்குள் தளம் வந்தது. பழைய சேவையிலிருந்து தளத்தை வெளியே எடுக்க வழியே இல்லாததால் 30 பக்கங்களையும் இரண்டு பேருமாகக் கையால் காப்பி செய்தோம்.

ஆனால் டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, அவர் தன் பேரில், தன் மின்னஞ்சலில் பதிவு செய்திருந்தார். நானும் கேட்கவில்லை. அடுத்த வருடம் புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் எல்லாம் அவர் பார்க்காமல் விட்ட பழைய மின்னஞ்சலுக்குப் போயின. ஒருநாள் தளம் இல்லை. அதே டொமைனில் இருந்த என் மின்னஞ்சலும் இல்லை, வாடிக்கையாளர்கள் அனுப்பிய கோப்புகள் திரும்பிப் போய்க்கொண்டிருந்ததே எனக்குத் தெரியாது, ஒருவர் போனில் கூப்பிட்டு ஏன் பதில் போடவில்லை என்று கேட்டபிறகுதான் தெரிந்தது.

டாட் காம் டொமைன் காலாவதியான அன்றைக்கே பறிபோய்விடாது. முதலில் டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனமான ரெஜிஸ்ட்ரார் கொடுக்கும் சலுகை நாட்கள், அதற்குப் பிறகு 30 நாள் மீட்புக் காலம், அப்புறம் 5 நாளில் நீக்கிவிடுவார்கள், பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நான் மீட்புக் காலத்தில் மாட்டினேன். புதுப்பிக்கும் கட்டணத்துக்கு மேல் மீட்புக் கட்டணமும் கட்டி, டெவலப்பரைத் தேடிப் பிடித்து, அவர் வழியாகத்தான் திரும்ப வாங்க முடிந்தது. அந்த நாட்களில் சரியாகத் தூங்கவில்லை.

இப்போது டொமைன் என் பேரில். தளம் வேர்ட்பிரஸில் இருக்கிறது, 2003இல் வந்த திறமூல மென்பொருள் அது, எழுதியதையெல்லாம் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். படங்கள் அந்தக் கோப்பில் வராது, தனியாக நகல் எடுக்க வேண்டும். எழுதுவதும் பக்கம் சேர்ப்பதும் நானே, எழுத்துரு, வேகம், பாதுகாப்பு இவற்றுக்கு மட்டும் டெவலப்பரைக் கூப்பிடுகிறேன்.

நீங்கள் ஏற்கெனவே ஆள் வைத்துத் தளம் நடத்துகிறவர் என்றால், ரெஜிஸ்ட்ரார் கணக்குக்குள் போய் உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர், யார் மின்னஞ்சல் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லே உங்களிடம் இல்லையா, முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.